கொத்தனார் அடைத்த வாசல்

கண்ணாடிய விரலால தட்டிப் பாக்காதீங்க தம்பி. உள்ள ஒண்ணும் இல்ல, எனக்குத் தெரியும். இருந்தாலும் தட்டாதீங்க. ஆறேழு மாசமா இந்த வீட்டுல யாரையும் தட்ட விடல, அந்தப் பழக்கம். இந்தா, இந்த ஸ்டூல்ல இரிங்க. குட்டியானை வண்டிக்காரன் ரயில்வே கேட்டுல மாட்டிக்கிட்டான்னியள்லா, அவன் வர எப்பிடியும் அரை மணி நேரம் ஆவும். அதுக்குள்ள இந்தத் தொட்டியப் பத்தி எல்லாத்தையும் சொல்லிருதேன். பொருளக் குடுக்கும்போது மறைச்சிப் பேசுத பழக்கம் எனக்குக் கிடையாது.

இது பன்னெண்டு மில்லி கண்ணாடி. கடையில மீன் தொட்டிக்கு இம்புட்டுக் கனத்துல தர மாட்டான். பேக்கரிக்காரர் ஒருத்தர் கடைய மூடும்போது கேக் வைக்கிற ஷோகேஸ எங்கிட்ட தள்ளி விட்டுட்டுப் போனாரு, அதுல உள்ள கண்ணாடி. நானே அறுத்து, நானே சிலிக்கான் வச்சி ஒட்டுனது. ஒரு சொட்டு கசியாது. நான் ஃபிரிட்ஜ் மெக்கானிக்குன்னு சொன்னேன்லா. தூத்துக்குடியில மீன்பிடி போட்டு வச்சிருக்க ஆளுக யாருகிட்ட வேணும்னாலும் ஜெயசிங்னு கேளுங்க. முப்பத்திரெண்டு வருஷம். ஓடாத மெஷின்னு ஒண்ணு கிடையாது, திறந்து பாக்காத மெஷின் தான் உண்டும்பேன் நான். பயலுக கேலி பண்ணுவானுவ.

என்ன மீன் வளத்தியன்னு ஃபோன்ல கேட்டிய. மீன் இல்ல தம்பி, இறால். சிரிக்காதீங்க. குழம்பு வைக்கிற இறால் இல்ல இது. கும்பிடு இறால்னு எம்மவ சொல்லுவா. கும்பிடுபூச்சி பாத்திருக்கியளா, அதே மாதிரி முன்னங்கையி ரெண்டையும் மடக்கி வச்சிக்கிட்டு, சர்ச்சுல முன் பெஞ்சுல உக்காந்து ஜெபம் பண்ணுத மாதிரி இருக்கும். ஒரு சாண் நீளம். பச்சை, நீலம், செவப்புன்னு கண்ணக் கூசும். முட்டைக் கண்ணு ரெண்டும் தனித்தனியா சுத்தும், ஒண்ணு உங்களப் பாக்கும், ஒண்ணு என்னையப் பாக்கும். கிட்ட ஒரு நண்டப் போட்டோம்னு வையுங்க, ஒரே அடி. டொக்குனு சத்தம் அடுக்களை வரைக்கும் கேக்கும். நண்டு ஓடு ரெண்டாப் போயிருக்கும். சாதாக் கண்ணாடியே விரிசல் விட்டுரும்னு சொல்லுவாவ. வலையில வந்தா போட்டுக்காரங்க கையால தொட மாட்டாவ, கழிவோட கழிவா கோழித் தீவனத்துக்குத் தள்ளி விட்டுருவாவ. அதத்தான் நாங்க ராஜா மாதிரி வச்சிருந்தோம்.

எனக்கென்ன தம்பி இறால் ஆசை? எம்மவளுக்காக.

ஹெப்சிபா. ஒரே மக. சுவாலஜி படிச்சவ. சென்னையில கட்டிக் குடுத்தோம். மாப்பிள்ளை ரூபன் தங்கமான பையன், குறை சொல்ல ஒண்ணும் இல்ல. முதப் பிரசவத்துக்கு இங்க கூட்டிட்டு வந்தோம். எட்டு மாசம் முடிஞ்சி பத்து நாளு இருக்கும். காலையில எந்திரிச்சி அவ அம்மைகிட்ட, அசைவே இல்லம்மான்னு சொல்லியிருக்கா. ஆட்டோவுல தூக்கிப் போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம். உள்ளயே உசுரு போயிட்டு. கொடி சுத்திக்கிட்டாம். ஆரு மேலயும் தப்பு இல்ல. பொம்பளப் பிள்ளை.

நான் தான் முன்ன நின்னு எல்லாம் பாத்தேன். ஆரு பாப்பா? மாப்பிள்ளை சுவத்துல சாஞ்சி நின்னு அழுதுகிட்டிருக்கான். எம் பொஞ்சாதி குணசீலி மவ காலடியில கெடக்கா. நான் போயி பெட்டி செய்யச் சொல்லி, துணி வாங்கி, பாஸ்டருக்குச் சொல்லி விட்டு, எல்லாம் நான். பிள்ளைய நான் தான் பெட்டிக்குள்ள வச்சேன். மூக்கு அப்பிடியே ஹெப்சி மூக்கு. தலை நெறைய முடி. இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்கி தம்பி. கண்ண மூடுனா அது, தொறந்தா அது. இத எதுக்கு அவளுக்கும் குடுக்கணும்னு நெனச்சேன். அவ மயக்கம் தெளிஞ்சி, ஒரு தடவ காட்டுங்கப்பான்னா. பெட்டிய மூடி ஆணி அடிச்சாச்சிம்மான்னு சொல்லிட்டேன். அப்ப அடிக்கல. அவ கேட்ட பொறவு தான் போயி அடிச்சேன்.

நல்லதுக்குத் தான. பாத்தா தாங்குவாளா அவ? நீங்களே சொல்லுங்க.

வீட்டுக்கு வந்தா. அந்தா தெரியுது பாருங்க, அந்த ரூம்ல போயிப் படுத்தவ தான். கதவு சாத்துனா சாத்துனது. சாப்பாட்டுத் தட்டு உள்ள போவும், பாதி குறைஞ்சி வெளிய வரும். மாப்பிள்ளை ஒவ்வொரு சனிக்கிழமையும் சென்னையிலிருந்து வருவான், கட்டில் ஓரமா உக்காந்திருந்துட்டு ஞாயித்துக்கிழமை போயிருவான். ஒரு வார்த்தை பேச மாட்டா. எனக்குப் பயம் தம்பி. வெளிய சொல்லிக்கிட மாட்டேன். அந்த ரூம்ல சீலிங் ஃபேன் ஓடுது. பெத்தவனுக்கு அந்த ஃபேனப் பாத்தாலே பக்குங்கு. ரெண்டாவது வாரம் அவ குளிக்கப் போன நேரம் பாத்து ஃபேனக் கழத்தி டேபிள் ஃபேன் வச்சேன். கதவுத் தாழ்ப்பாளையும் கழத்திட்டேன். வந்து பாத்தா. ஸ்க்ரூ இருந்த ஓட்டைய விரலால தடவிப் பாத்தா. ஏன்னு கேட்டிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன்லா.

சும்மா இருக்க முடியுமா தம்பி? ரிப்பேர் பாத்தே வளந்த கையி. சின்னப் பிள்ளையில டாக்டர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா, அங்கன இருக்க மீன் தொட்டிய விட்டு வர மாட்டா, இழுத்துக்கிட்டு வரணும். அது ஞாபகம் வந்துது. சரி, ஒரு தொட்டி வச்சிருவோம், சத்தம் கேட்டாவது எட்டிப் பாப்பான்னு ஷோகேஸ அறுத்து ஒட்டுனேன். நம்ம ஊருல கடல் தண்ணிக்கா பஞ்சம். அமல்தாஸ்னு ஒரு போட்டுக்காரன், நம்ம ஐஸ்பெட்டி கஸ்டமர், வெளிக்கடல்ல இருந்து கேன் கேனா மோந்துட்டு வந்து குடுத்தான். மணல் போட்டு, மோட்டார் மாட்டி, அன்னைக்கே வரி போட்ட மீனு ரெண்டு வாங்கி விட்டேன். மூணாவது நாளு காலையில ரெண்டும் வயித்தக் காட்டிக்கிட்டு மெதக்கு.

அவ தண்ணி குடிக்க வெளிய வந்தவ பாத்துட்டா. பக்கத்துல வந்து நின்னா. என்னைக்குத் தண்ணி ஊத்துனீங்கன்னு கேட்டா. முந்தாநாளுன்னேன். புதுத் தண்ணி பழகணும்ப்பா, ஒரு மாசமாவது வெறும் தண்ணிய ஓட விடணும், உடனே உசுர விட்டா தாங்காதுன்னா. தம்பி, ஏழு மாசத்துல அவ பேசுனதுலயே அது தான் நீளம். அடுக்களையில குணசீலி பைப்பத் தொறந்து விட்டுட்டு அழுதா, எனக்குக் கேக்கக்கூடாதுன்னு.

அதுக்குப் பொறவு தொட்டி அவ கைக்குப் போயிட்டு. தண்ணியக் கொட்டி, மறுபடி ஊத்தி, உப்பு பாக்குத மிதவையப் போட்டு, நோட்டுல எழுதி. ஒரு மாசம் தம்பி, வெறும் தண்ணி ஓடுது, நாங்க உக்காந்து பாத்துக்கிட்டிருக்கோம். வந்தவன் போனவனெல்லாம் மீன் எங்கன்னு கேக்கான். எனக்குப் பொறுக்கல, ரெண்டு நத்தையாவது போடுவோம்னு கொண்டு வந்தேன், வாசல்லயே வாங்கித் திருப்பிக் குடுத்து விட்டுட்டா. வெயிலுக்குத் தண்ணி சூடாவுதுன்னா. அது நம்ம ஏரியா. பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசர வச்சி தண்ணியக் குளுர வைக்கிற சில்லர் ஒண்ணு கட்டிக் குடுத்தேன். அந்தா மூலையில இருக்கு பாருங்க, அதுவும் உங்களுக்குத் தான். தொட்டுப் பாத்துட்டு, நல்லா இருக்குப்பான்னா. எனக்கு அது போதும்.

முப்பத்தஞ்சாவது நாளு அமல்தாஸ் மூடி போட்ட வாளியோட வந்தான். அண்ணாச்சி, கைய விட்டுறாதீங்க, பிளந்துரும்னான். அவ எட்டிப் பாத்தா. மொகத்துல ஒரு வெளிச்சம். தொட்டியில மணலுக்குள்ள பிவிசி பைப்பு, எல் பெண்டு மாட்டி, பொதைச்சி வைக்கச் சொன்னா. அது வீடாம். சுத்தி கூழாங்கல்லு, சிப்பி, ஒடஞ்ச ஓட்டுத் துண்டு எல்லாம் போட்டா. வாளியச் சாய்ச்சதும் விருட்டுனு பைப்புக்குள்ள போயிட்டு. சாயந்தரம் வெளிய வந்து, ஒவ்வொரு கல்லா எடுத்துப் பாக்கு. இத வேண்டாம்னு தூக்கிப் போடுது, அத எடுத்துக்கிடுது. பைப்பு வாசல்ல அடுக்கி, இருட்டுன பொறவு ஒரு பெரிய கல்ல இழுத்து வாசல அடைச்சிக்கிட்டு. கொத்தனார் தோத்தாரு போங்கன்னேன். அதுல இருந்து அதுக்குப் பேரு கொத்தனார்.

நாலு மாசம் தம்பி. அந்த நாலு மாசம் தான் இந்த வீட்டுல வெளிச்சம். காலையில காபியக் கையில எடுத்துக்கிட்டு வந்து இப்ப நீங்க இருக்கிய பாருங்க, அந்த ஸ்டூல்ல உக்காருவா. கொத்தனார் வாசல்ல இருந்து மொகத்த நீட்டி அவளையே பாக்கும். என்னையப் பாத்தா உள்ள போயிரும். ஆளு தெரியும்ப்பா அதுக்கும்பா. மார்க்கெட்டுக்கு அவளே போயி குட்டி நண்டு பொறுக்கிட்டு வருவா. மாப்பிள்ளை வந்தா ரெண்டு பேரும் தொட்டி முன்னால உக்காந்து பேசுவாவ. நான் ஒட்டுக் கேக்கல, காதுல விழுந்துது, சிரிச்சிப் பேசுனாவ.

வந்து ஒரு மாசத்துல ஒரு தடவ வாசல அடைச்சிட்டு வரவே இல்ல. ஆறு நாளு. சாப்பாடு கிடையாது, தலை காட்டல. எனக்கு இருப்புக் கொள்ளல. அவ என்னடான்னா, விடுங்கப்பா, சட்டை கழத்தப் போவுதுன்னா. பாம்பு கழத்துமே, அந்த மாதிரி. பழைய ஓடு பத்தாம ஆயிரும், அதக் கழத்திட்டுப் புது ஓட்டோட வரும், அதுவரைக்கும் ஒடம்பு பஞ்சு மாதிரி இருக்கும், ஒரு சின்ன மீன் கடிச்சாலும் போச்சி, அதுக்குத் தான் அடைச்சிக்கிடுதுன்னு வெளக்கமாச் சொன்னா. ஏழாவது நாளு காலையில பாக்கேன், கொத்தனார் வாசலுக்கு வெளிய அசையாம கெடக்கு. செத்துட்டு, ஹெப்சி, செத்துட்டுட்டின்னு அலறிக்கிட்டு ஓடுனேன். வந்து பாத்துட்டுச் சிரிச்சா. வயித்தப் பிடிச்சிக்கிட்டுச் சிரிச்சா. அது சட்டைப்பா, வெறும் சட்டை, ஆளு உள்ள இருக்குன்னா. அந்தச் சிரிப்புக்காக நான் எத்தனை தடவ வேணும்னாலும் முட்டாளா இருப்பேன் தம்பி.

இந்தா, தண்ணி குடிங்க. வண்டிக்காரனுக்கு ஒரு ஃபோனப் போட்டுப் பாருங்களேன். கேட்டத் தாண்டிட்டானா? சரி.

ரெண்டாவது தடவ அடைச்சிது. ஆறு நாளு ஆச்சி. போன தடவ ஆறுலா, சரி நாளைக்கு வரும்னு இருந்தேன். ஏழு. எட்டு. பத்து. அவ, இந்தத் தடவ உருவம் பெருசாயிருக்குப்பா, நாளு ஆவும்னா. நான் கேக்கேன், ஆறு நாளு எடுத்த வேலைக்கு எப்பிடிட்டி பத்து நாளு ஆவும்? மெஷின்ல இப்பிடி ஆச்சின்னா உள்ள ஏதோ பிடிச்சிக்கிட்டுன்னு அர்த்தம். திறந்து பாக்கணும். அவ சொன்னா, "அடைச்சிருக்குன்னா உசுரோட இருக்குன்னு அர்த்தம்ப்பா. செத்தது எதுவும் வாசல அடைச்சிக்கிடாது." படிச்ச பிள்ளை, பேச்சுக்கா குறைச்சல்.

பதினஞ்சாவது நாளு. அன்னைக்குத் தேதியப் பாருங்க, சரியா ஒரு வருஷம். பிள்ளை போயி ஒரு வருஷம். வீட்டுல நாங்க யாரும் அதப் பத்தி வாயத் தொறக்கல. குணசீலி மட்டும் விடியக்காலம் எந்திரிச்சி ஜெபம் பண்ணிட்டு இருந்தா. ஹெப்சி வெளிய வரல. காபி ஆறிப் போயிட்டு. எட்டு மணி ஆச்சி, ஒம்பது ஆச்சி. போயி கதவத் தட்டுனேன். கொஞ்ச நேரம் தனியா இருக்கேன்ப்பான்னா. குரல் நல்லாத் தான் இருந்துது. சரின்னு வந்தேன். பத்து நிமிசம் கழிச்சி மறுபடி தட்டுனேன். பதில் இல்ல. தள்ளிப் பாத்தேன். தாழ்ப்பாளு தான் கிடையாதே, கதவு ஏன் திறக்கல? உள்ள மேசைய இழுத்துக் கதவுக்கு அண்டக் குடுத்து வச்சிருக்கா. அது மேல தையல் மெஷினயும் தூக்கி வச்சிருக்கா. ஹெப்சி, ஹெப்சின்னு கூப்பிடுதேன். இருக்கேன்ப்பா, போங்கப்பான்னு உள்ள இருந்து சத்தம் வருது. இருக்கான்னு தெரியுது. ஆனா பாக்கணும்லா. கண்ணால பாத்தாத் தான மனசு ஆறும்.

குணசீலி என் கையப் பிடிச்சி இழுத்துட்டு வந்து இங்கன உக்கார வச்சா. அவ தான் சத்தம் குடுக்காள்லா, சும்மா விடுங்கன்னா. சொல்லிட்டு மாவு அரைக்கப் போயிட்டா. நான் தனியா உக்காந்திருக்கேன். எதுக்க இந்தத் தொட்டி. அங்கயும் வாசல் அடைச்சிக் கெடக்கு. பதினஞ்சு நாளு. எனக்கு என்ன தோணுச்சின்னு கேக்கியளா? ஒண்ணுத்தயாவது திறந்து பாத்துரணும்னு தோணுச்சி. அந்தக் கதவ என்னால தள்ள முடியல. இந்தக் கல்லு என் கைக்கு எட்டுது.

இடுக்கியப் போட்டு ஒரு கல்ல எடுத்தேன். உள்ள இருட்டா இருக்கு. ரெண்டாவது கல்ல எடுத்தேன். ஒண்ணும் தெரியல. பைப்புக்குள்ள என்ன இருக்குன்னு எப்பிடித் தெரியும், வெளிய எடுத்தாத் தான தெரியும்? கைய விட்டுப் பைப்பத் தூக்கி லேசாச் சாய்ச்சேன். லேசாத் தான் தம்பி, சத்தியமா. வழுக்கிக்கிட்டு வந்து மணல்ல விழுந்துது. பாதி உடம்பு பழைய சட்டைக்குள்ள, பாதி வெளிய. நிறமே இல்ல, வேக வச்ச முட்டை வெள்ளை மாதிரி இருக்கு. அடிக்கிற கையி ரெண்டும் துணி மாதிரித் தொங்குது. கண்ணு மட்டும் சுத்துது. ஒரு கண்ணு என்னையே பாத்துக்கிட்டு இருக்கு.

பதறிப் போயி மறுபடி பைப்புக்குள்ள வைக்கப் பாத்தேன். தொடத் தொட நசுங்குது. கல்ல வாசல்ல அடுக்குதேன், என் அடுக்கு நிக்க மாட்டேங்கு, சரிஞ்சி சரிஞ்சி விழுது. அந்நேரம் மேசைய இழுக்குத சத்தம் கேட்டுது. அவ வந்துட்டா. குளிச்சி, தலை சீவி, வெள்ளைச் சேலை கட்டிக்கிட்டு வந்திருந்தா. கையில ஒரு சின்ன கவுன். அந்த ஒரு வருஷமா அவ தச்சி வச்சிருந்த கவுனாம். கல்லறைக்குப் போவோம்ப்பான்னு சொல்லத் தான் வந்திருக்கா. நான் முழங்கை வரைக்கும் தண்ணி சொட்டச் சொட்ட நிக்கேன்.

தொட்டியப் பாத்தா. என்னையப் பாத்தா. திட்டுவான்னு பாத்தேன், அழுவான்னு பாத்தேன். ஒண்ணும் இல்ல. பொறவு சொன்னா, "பெட்டி அப்ப திறந்து தான இருந்துது. எனக்குத் தெரியும்ப்பா. ஒரே ஒரு தடவ காட்டியிருக்கலாம்லா."

இறாலப் பத்திப் பேசிக்கிட்டு இருக்க நேரத்துல என்னத்தயோ சொல்லுதா. அந்த மாப்பிள்ளைப் பய தான் சொல்லியிருக்கான். தங்கமான பையன்னேன்லா, வாயி மட்டும் நிக்காது. இல்லம்மா, நான் நல்லதுக்குத் தான் செஞ்சேன், அதுவும் நல்லதுக்குத் தான், இதுவும் நல்லதுக்குத் தான்னு சொன்னேன். வேற என்ன சொல்ல? அதான உண்மை.

அன்னைக்குக் கல்லறைக்கு அவளும் அவ அம்மையும் மட்டும் போனாவ. என்னையக் கூப்பிடல. இடம் நான் தான் காட்டணும்னு நெனச்சிக்கிட்டிருந்தேன், அவளுக்கு இடம் தெரிஞ்சிருக்கு. மறுநாளு கொத்தனார் செத்துட்டு. கையில எடுத்து வச்சிக்கிட்டு உக்காந்திருந்தா. அமல்தாஸ வரச் சொல்லி, கடல்ல விட்டுருங்கண்ணேன்னு அவன் கையில குடுத்தா. ஒரு வாரத்துல கோயம்புத்தூர்ல ஒரு லேப்ல வேலைன்னு பொட்டியக் கட்டிட்டா. மாப்பிள்ளைக்கும் சம்மதமாம், வார விடுமுறைக்கு அவன் அங்க போவானாம். லேடீஸ் ஹாஸ்டல்ல தனி ரூம். பஸ் ஏறும்போது, நானாக் கூப்பிடுவேன்ப்பா, அதுவரைக்கும் நீங்க வராதீங்கன்னா. சிரிச்சிக்கிட்டுத் தான் சொன்னா. என் கையப் பிடிச்சிக்கிட்டுத் தான் சொன்னா.

நாப்பத்தோரு நாளு ஆச்சி தம்பி. அதுவரைக்கும்னா எதுவரைக்கும்? ஒரு கணக்கு வேண்டாமா? ஞாயித்துக்கிழமை ஆனா அவ அம்மைக்கு மெசேஜ் வரும், நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்னு. அவ அம்மைக்கு அது போதும், அவ பாட்டுக்கு இருக்கா. எனக்கு எப்பிடிப் போதும்? ஃபோன் பண்ணுனா கட் பண்ணிட்டு, அப்புறம் பேசுதேன்ப்பான்னு எழுதி விடுதா. அந்த ஹாஸ்டல் ரூம்ல கதவுக்கு என்ன தாழ்ப்பாளு போட்டிருக்கான், மேல ஃபேன் எப்பிடி இருக்கு, ஒண்ணும் எனக்குத் தெரியல. நெனச்சா சோறு எறங்க மாட்டேங்கு. வயசான காலத்துல பிள்ளை மொகத்தப் பாக்காம இருக்கது மாதிரி ஒரு தண்டனை கிடையாது. என்ன தப்பு பண்ணிட்டேன் நான்?

இந்தத் தொட்டியக் குடுக்கது அவளுக்குத் தெரியாது. கேட்டா வேண்டாம்பா, அதான் கேக்கல. திரும்பி வந்தா இது கண்ணுல படக்கூடாது. பட்டா பழசெல்லாம் ஞாபகம் வரும்லா. குணசீலி கூட, அவகிட்ட ஒரு வார்த்தை கேளுங்கன்னா. பொம்பளைகளுக்கு என்ன தெரியும். நான் ஒரு முடிவு எடுத்தா சரியாத் தான் இருக்கும்.

அந்தா ஹாரன் சத்தம், ஒங்க குட்டியானை தான். வாங்க, ஆளுக்கு ஒரு பக்கம் பிடிப்போம். தொட்டிக்கு அடியில இந்தப் பழைய போர்வையப் போட்டுக்கிடுங்க. மோட்டார் பைக்குள்ள இருக்கு. உப்பு பாக்குத மிதவை உடைஞ்சிராம துணியில சுத்தி வச்சிருக்கேன். அவ எழுதுன நோட்டும் உள்ள கெடக்கு, என்னைக்கு என்ன பண்ணணும்னு எல்லாம் இருக்கும், வாசிச்சிப் பாருங்க, அழகான கையெழுத்து.

இருங்க, முக்கியமானதச் சொல்லல. இந்தச் சில்லர். நீங்க இதப் படுக்க வச்சித் தான் கொண்டு போவணும், வண்டியில உசரம் பத்தாது. திருநெல்வேலி வரைக்கும் ரோடு குலுக்கி எடுத்துரும். வீட்டுல எறக்குன உடனே ஓடுதான்னு பாப்போம்னு சுவிட்சப் போட்டுறாதீங்க. அதத்தான் எல்லாரும் பண்ணுதாவ. நிமித்தி வச்சிட்டு ஓரமா விட்டுருங்க. உள்ள ஆயிலு எல்லாம் கலங்கி எங்கயோ போயிருக்கும். அது மெதுவா எறங்கி அது இடத்துக்கு வரணும். நாம ஒண்ணும் பண்ண வேண்டாம், தொடக்கூட வேண்டாம். அஞ்சு மணி நேரம், ஆறு மணி நேரம், ரொம்பக் குலுங்கியிருந்தா ஒரு நாளு கூட ஆவட்டும். எத்தனையோ நல்ல மெஷின ஆளுக இந்த அவசரத்துலயே கொன்னுருக்காவ தம்பி, நான் என் கண்ணால பாத்திருக்கேன்.

ஏன் அப்பிடிப் பாக்கிய? வெளங்கிட்டுலா? அப்ப சரி. அந்தக் கதவுக்குப் பின்னால ஒரு பை இருக்கும், அதக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. பத்திரம், உள்ள தாழ்ப்பாளு கழத்துத ஸ்க்ரூ டிரைவர் இருக்கு. போற வழியில என்னைய பஸ் ஸ்டாண்டுல எறக்கி விட்டுருங்க. ஏழு மணிக்குக் கோயம்புத்தூர் வண்டி.